மிஞ்சிய சோறும் மார்க்க நெறியும்

 



ஜும்ஆவுக்குப் பின் ஆலிம்களிடம் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பகுதி வட்டி, வாரிசுரிமை, ஜகாத் பற்றியவை. ஆனால் பெண்கள் பகுதியிலிருந்து துண்டுக் காகிதத்தில் வரும் கேள்வி அடிக்கடி ஒரே மாதிரி இருக்கும். "முந்தாநாள் ஆட்டாணம் மிஞ்சிவிட்டது. கொட்டினால் பாவமா, தின்றால் பாவமா?" ஆண்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இது சிரிக்க வேண்டிய கேள்வியன்று. நம் வீடுகளில் மாமிக்கும் மருமகளுக்கும் இடையே எழும் பூசல்களில் இந்த ஆணச் சட்டிக்கு உள்ள பங்கை வீட்டுக்காரர்கள் அறிய மாட்டார்கள். அவர்கள் கடையைப் பூட்டிக்கொண்டு வரும்போது பூசல் முடிந்து, சட்டியும் கழுவிக் கவிழ்த்தாகியிருக்கும்.

மாமி சொல்கிறார்: "சோற்றைக் கொட்டுகிற வீட்டில் பரக்கத் தங்காது." அவர் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. அவரை வளர்த்த உம்மா, 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் அரிசியைக் கண்ணால் காண்பதே அரிதாகி, மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்று பிழைத்தவர். மருமகள் சொல்கிறாள்: "பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்கு யார் ஓடுவது?" அவளிடமும் நியாயம் இருக்கிறது. மாமி மார்க்கத்தின் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்; மருமகள் மறு பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பாதியையும் ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம்.

வீண் விரயம் பற்றிய கட்டளை நம் எல்லோருக்கும் தெரியும். திருமறையின் 7-வது அத்தியாயம் 31-வது வசனத்தில், உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே மூச்சில் அளவு கடக்க வேண்டாமென்று அல்லாஹ் தடுக்கிறான். 17-வது அத்தியாயத்தில் விரயம் செய்வோரை ஷைத்தானின் உடன்பிறப்புகளென்றே சொல்லிவிடுகிறான். இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேறென்ன இருக்கிறது? கீழே விழுந்த கவளத்தையும் எடுத்து, அதில் ஒட்டிய அழுக்கை நீக்கிவிட்டு உண்ணும்படியும், அதை ஷைத்தானுக்கு விட்டுவிட வேண்டாமென்றும், உணவின் எப்பகுதியில் பரக்கத் இருக்கிறதென்பது உண்பவனுக்குத் தெரியாதென்றும் நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்ததை இமாம் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த ஹதீஸைச் சொல்லுகிறவர்கள் நடுவிலுள்ள ஒரு வார்த்தையை விழுங்கிவிடுகிறார்கள். அழுக்கை நீக்கிவிட்டு என்பதே அந்த வார்த்தை. கவளத்தைக் காப்பாற்றச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள் அழுக்கைத் தின்னச் சொல்லவில்லை. அன்றியும், 2-வது அத்தியாயம் 168-வது வசனம் ஹலாலானதை உண்ணுங்கள் என்பதோடு நில்லாமல், தய்யிபானதை, அதாவது நல்லதாயும் தூயதாயும் உள்ளதை உண்ணச் சொல்கிறது. நாம் டப்பாவைத் திருப்பி ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கப் பழகிவிட்டோம். மிக நல்ல பழக்கம். தய்யிபா என்று பார்க்க மட்டும் முத்திரை கிடையாது, மூளைதான் வேண்டும். உங்களை நீங்களே அழிவில் தள்ளிக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் வரும் 2:195, உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள் என்ற கருத்தில் வரும் 4:29 ஆகிய வசனங்களும் சமையற்கட்டுக்கு வெளியே நின்றுவிடுபவை அல்ல.

சரி, எப்போது வைத்துக்கொள்வது, எப்போது விட்டுவிடுவது? இதற்கும் ஒரு ஹதீஸ் உண்டு. மேடைகளில் அதிகம் சொல்லப்படுவதில்லை. அம்பெய்த வேட்டைப் பிராணி மூன்று நாள் கழித்துக் கைக்குக் கிடைத்தால் என்ன செய்வது என்பதுபற்றி, அது நாற்றம் எடுக்காதவரை உண்ணலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூ தஃலபா (ரலி) அறிவிக்கும் செய்தி அது. இதுவும் முஸ்லிம் ஷரீஃபில் உள்ளது. பழையது என்பதற்காக எறிந்துவிடாதே; கெட்டுப்போனதென்றால் தின்னாதே. மாமிக்கும் இதில் பங்கு உண்டு, மருமகளுக்கும் உண்டு. இதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள், நாற்றமெடுத்த உணவை உண்பது வெறுக்கத்தக்கதே, ஹராமன்று என்றும், ஆனால் அதனால் உடலுக்குத் தீங்கு நேருமென்று தக்க அச்சம் இருந்தால் ஹராம் என்றும் பிரித்துக் காட்டுகிறார்கள். 13-ஆம் நூற்றாண்டு மேதை. சட்டத்தின் திறவுகோலை மூக்கிடம் மட்டும் கொடுக்காமல், தீங்கு என்ற இடத்தில் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஏனெனில் மூக்கு எல்லாவற்றையும் சொல்லாது. நோயை உண்டாக்கும் கிருமிகள் பலவும் வாடையோ நிறமோ சுவையோ மாறாதபடி உணவில் பெருகக்கூடியவை. நமது தேசத்துச் சோற்றையே எடுத்துக்கொள்வோம். அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி இயல்பாகவே வித்து வடிவில் ஒட்டியிருக்கும். உலை கொதித்தாலும் அந்த வித்துச் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகப் பானையிலேயே மணிக்கணக்கில் கிடக்கும்போது அது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகிறது. அந்த நஞ்சில் ஒரு வகை, மறுபடி சுடவைத்தாலும் அழியாது. "நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டேன், இனி ஒன்றும் செய்யாது" என்ற நம் பெண்களின் நம்பிக்கை இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறது. கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும். கிருமி முன்பே கக்கிவிட்டுப் போன நஞ்சை எல்லா வேளையும் கொல்லாது.

ஊரில் நம் பாட்டிமார் பழஞ்சோறு தின்னவில்லையா என்று கேட்பார்கள். தின்றார்கள், வெறுஞ்சோற்றில் நீரூற்றிப் புளிக்கவைத்துத் தின்றார்கள், அந்தப் புளிப்பே ஒரு காப்பு. நெய்ச்சோற்றையும் கறிச்சோற்றையும் எந்தப் பாட்டியும் இரவு முழுக்க அடுப்படியில் திறந்து போட்டுக் காலையில் பிள்ளைக்கு ஊட்டவில்லை.

உணவு 5 டிகிரிக்கு மேலும் 60 டிகிரிக்குக் கீழும் இருக்கும் நேரமே ஆபத்தான நேரம் என்று வைத்தியத் துறையினர் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் ஊர்களின் வெக்கையோ இரவிலும் அதிகம் தணிவதில்லை. ஆகவே சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் அறிவுரை. உண்டு முடித்ததும் மிஞ்சியதைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. பெரிய தேக்சாவை மூடியோடு அப்படியே உள்ளே தள்ளினால் அதன் நடுப்பகுதி ஆறுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். உள்ளே இருக்கும் மற்றப் பண்டங்களும் சூடேறும். அகலமான சிறு பாத்திரங்களில் பரப்பி ஆவி தணிந்ததும் மூடி வைப்பதே முறை. இரவில் பாத்திரங்களை மூடிவைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது நாமறிந்ததே. அப்படி வைத்த சோற்றை மறுநாளே முடித்துவிட வேண்டும். இறைச்சி ஆணம் 3, 4 நாள் தாங்கும். தேவையானதை மட்டும் எடுத்து, நடுவிலும் ஆவி பறக்கச் சுடவைத்து, ஒரே தடவையில் உண்டுவிட வேண்டும். முழுச் சட்டியையும் வேளைக்கு வேளை அடுப்பிலேற்றி இறக்குவது, சட்டிக்கும் நல்லதன்று, வயிற்றுக்கும் நல்லதன்று.

2009-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சிங்கப்பூர் கேலாங் சிராயில் நடந்ததை மறந்துவிட்டோமா? தற்காலிகச் சந்தையில் விற்ற இந்திய ரோஜாக் தின்று 150 பேருக்கு மேல் நோயுற்றார்கள். இரு பெண்கள் உயிர் துறந்தார்கள். பச்சைக் கடலுணவில் இருக்கும் கிருமி, சமைத்துத் தயாராக இருந்த பண்டங்களில் ஒட்டிக்கொண்டதே காரணமென்று விசாரணையில் கண்டார்கள். ரோஜாக் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழில். அதைச் செய்கிறவர் எவரும் பிறருக்குத் தீங்கு நினைத்து மாவு பிசைவதில்லை. ஆனால் பச்சை இறால் வெட்டிய பலகைக்கு எண்ணம் தெரியாது. அதே பலகை நம் வீட்டிலும் இருக்கிறது. கோழியை வெட்டிய கத்தியாலேயே வெள்ளரிக்காயை நறுக்குகிறோம். குளிர்ப்பெட்டியில் மேல் தட்டில் பச்சைக் கறி, கீழ்த் தட்டில் காலைக்கென்று வைத்த வட்டலப்பம். கறியின் நீர் சொட்டுச் சொட்டாக எங்கே போகும்? பச்சையானது அடித்தட்டில், மூடிய பாத்திரத்தில் இருக்கட்டும்.

இனி பூஞ்சணம் பிடித்தவை. நெய்யில் எலி விழுந்துவிட்டதென்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, எலியையும் அதைச் சுற்றியுள்ள நெய்யையும் எறிந்துவிட்டு மீதியை உண்ணும்படி சொன்னதாக அன்னை மைமூனா (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரி ஷரீஃபில் வந்திருக்கிறது. நெய் உறைந்திருந்தால் இப்படி; உருகியிருந்தால் முழுவதையும் விட்டுவிட வேண்டுமென்று இமாம்கள் பலர் பிரித்தார்கள். இன்று பூஞ்சணத்துக்குச் சொல்லப்படும் விதியும் ஏறக்குறைய இதே சாயலில் இருக்கிறது. கெட்டியான காரட், கெட்டியான சீஸ் போன்றவற்றில் ஓரிடத்தில் பூத்திருந்தால் அதைச் சுற்றி ஓர் அங்குலம் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். ரொட்டி, ஜாம், ஆணம், மிருதுவான பழம் இவற்றில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே பரவியிருக்கும். முழுவதையும் விட வேண்டும். இதற்காக ஹதீஸில் கிருமி விஞ்ஞானம் இருக்கிறதென்று மேடையேறி முழங்க வேண்டியதில்லை. தீட்டு எதுவரை எட்டுகிறதோ அதுவரை எறி, எட்டாததைக் காப்பாற்று என்னும் நிதானம் அதில் இருக்கிறது. நமக்கு அது போதும்.

வியாபாரப் பெருமக்களே, உங்களிடம் இன்னும் சற்று உரிமையோடு பேசுகிறேன். கடையில் ஒரு மூட்டை வெங்காயம் அழுகினால் உங்களுக்குத் தூக்கம் வராது. மொத்தக்காரரிடம் கிலோவுக்கு ஐந்து காசு குறைக்க அரைமணி நேரம் நிற்பீர்கள். அதே நீங்கள் சனிக்கிழமை ஈரச்சந்தைக்குப் போனால் கையில் கண்டதெல்லாம் பைக்குள் விழுகிறது. வீட்டில் ஏற்கனவே இரண்டு கட்டுக் கீரை வாடிக் கிடப்பது உங்களுக்குத் தெரியாது, கேட்டுக்கொண்டு போவதுமில்லை. கடையில் முன் வந்த சரக்கை முன்னே நிறுத்தி விற்கும் கணக்கப்பிள்ளைப் புத்தி, வீட்டுக் குளிர்ப்பெட்டியில் ஏன் வேலை செய்யக் கூடாது? ஒரு வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, குப்பைக்குப் போனது என்ன, எவ்வளவு, என்ன விலை என்று வீட்டார் எழுதிவரட்டும். சனிக்கிழமை அந்தப் பற்றெழுத்தைப் பாருங்கள். அது உங்கள் வியர்வை; குப்பைக்கூடையில் கிடக்கிறது.

நாட்டுக் கணக்கும் சொல்கிறேன். சிங்கப்பூரில் 2023-ல் உண்டான உணவுக் கழிவு சுமார் 7,55,000 டன். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே மறுபயன்பாட்டுக்குப் போயிற்று. உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அயல்நாட்டிலிருந்து கப்பலேறி வரும் தேசம் இது. மலேசியாவில் நாளொன்றுக்குச் சுமார் 17,000 டன் என்றும், அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இன்னும் உண்ணத்தக்க நிலையில் இருந்ததென்றும் திடக்கழிவுத் துறையினர் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். சிங்கப்பூர் வீடுகளில் அதிகம் வீணாவன சோறு, மீ, ரொட்டி என்று 2019-ல் ஆய்ந்து கண்டார்கள். விலை குறைந்த பண்டமே அதிகம் வீணாகிறது. மதிப்பும் அப்படித்தான் போலும்.

விரயம் குப்பைக்கூடையில் தொடங்குவதில்லை, அரிசிப் படியில் தொடங்குகிறது. ஒருவர் உணவு இருவருக்குப் போதும் என்ற நாயக வாக்கை விருந்தன்று நாம் தலைகீழாக்கி, இருவர் உணவை ஒருவர் முன் குவிக்கிறோம். ஒரு சஹனில் நால்வர் அமர்ந்து உண்ணும் நம் மூதாதையர் வழக்கத்தில் மிஞ்சுவது குறைவு. குறைந்தால் கேட்டு வாங்கலாம். இப்போது கல்யாண மண்டபங்களில் ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கொரு கோபுரம். பெண் வீட்டார் கௌரவம் கோழித் துண்டின் எண்ணிக்கையில் இருக்கிறதாம்! யார் சொன்னது என்றுதான் தெரியவில்லை.

மிஞ்சியதைத் தர்மம் செய்துவிட்டால் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். தர்மம் நல்லதே, எந்த நேரத்தில், எதை என்பதே கேள்வி. விருந்து முடிந்த சூட்டோடு, குழம்பு கொதி ஆறுமுன் பக்கத்து வீட்டுக்கும் தொழிலாளர் விடுதிக்கும் கொடுத்தனுப்புவது ஸதக்கா. ஆணத்தில் நீரைக் கூட்டியாவது அண்டை வீட்டாரைக் கவனி என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லவில்லையா? ஆனால் மதியச் சோற்றை இரவுவரை மண்டபத்தில் கிடத்தி, நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தயங்கி, "கடைப் பையன்களுக்குக் கொடுத்துவிடு" என்று அனுப்புகிறோமே, அதற்கு என்ன பெயர்? கண்ணை மூடிக்கொண்டன்றி நீங்களே வாங்கிக்கொள்ளாத மட்டமானதைத் தர்மத்துக்கென்று பொறுக்காதீர்கள் என்ற கருத்தில் 2:267 எச்சரிக்கிறது. கடல் கடந்து வந்து நம் கடையில் உழைக்கும் பையன் ஒருநாள் வயிற்று நோயால் படுத்தால் அவன் ஊதியமும் போகிறது, அவன் உம்மாவுக்குப் போகும் பணமும் போகிறது. நாம் உண்பதையே நம்மிடம் வேலை செய்வோருக்கும் உண்ணக் கொடுக்க வேண்டுமென்பது நபிவழி. மீந்த சோற்றைப் புதுச் சோற்றின் அடியில் கலந்து பரிமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்த வியாபாரியிடம் நாயகம் (ஸல்) அவர்கள் கையை உள்ளே விட்டு ஈரத்தைக் கண்டு, மனிதர்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்களே; அந்தக் கேள்வி சோற்றுப் பானைக்கும் உரியதுதான்.

கடையில் விற்க ஆகாத டப்பாக்களை வீட்டுக்கு எடுத்துப் போகும் வழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. "இந்தத் தேதிக்கு முன் சிறந்தது" என்று போட்டிருப்பது பெரும்பாலும் சுவையும் மொறுமொறுப்பும் பற்றியது. முறையாக வைத்திருந்த பிஸ்கோத்து அந்தத் தேதிக்கு மறுநாளே விஷமாகிவிடாது, வீட்டில் தின்னலாம். "இந்தத் தேதிக்குள் உண்ணவும்" என்று பால், இறைச்சி வகைகளில் போட்டிருப்பது உடல்நலம் பற்றியது. அதில் பேரம் கிடையாது. உப்பிய டப்பாவையும், மடிப்பில் ஆழமாக நசுங்கிய டப்பாவையும் சுவைத்துக்கூடப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும். அதை எறிவது விரயமன்று. அது உணவென்ற பெயரை முன்பே இழந்துவிட்டது.

குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்கலாகாதென்று ஒரு வருஷம் தடுத்த நாயகம் (ஸல்) அவர்கள், பசித்த கூட்டத்தார் வந்திருந்ததாலேயே தடுத்தேன், இனி உண்ணுங்கள், சேமியுங்கள், தர்மமும் செய்யுங்கள் என்று பின்னர் அனுமதித்தார்கள். நம் உம்மாமார் அதை உப்புக்கண்டமாக்கிக் காயப்போட்டார்கள்; நமக்கு பிரீசர் இருக்கிறது. 5 கிலோவை ஒரே கட்டியாக உறையவைத்து, ஒரு வேளைக்கென்று முழுவதையும் தொட்டியில் போட்டு உருக்கி, மீதியை மறுபடி உறையவைப்பதுதான் கெடுதல். அன்றே ஒருவேளை அளவாகப் பொட்டலம் கட்டித் தேதி எழுதி வையுங்கள். சமைப்பதற்கு முதல்நாள் இரவே பொட்டலத்தைக் கீழ்த் தட்டுக்கு மாற்றினால் குளிரிலேயே உருகிவிடும். உண்ண ஆகாதென்று தீர்ந்ததற்கும் பயன் உண்டு. செத்த ஆட்டைப் பார்த்து, இதன் தோலைப் பயன்படுத்தியிருக்கலாகாதா, உண்பதுதானே ஹராம் என்று கேட்ட நபியின் உம்மத்து நாம். காய்கறித் தோலும் முட்டையோடும் பூச்சட்டிக்கு உரமாகட்டும்.

கடைசியாக நோன்புக் கஞ்சி. ஒவ்வொரு ரமலானிலும் அஸருக்குப் பின் பள்ளிவாசலில் வரிசையில் நின்று வாங்கிப் போகிறோம். அரிசியும் இறைச்சியும் தேங்காய்ப் பாலும் கலந்தது அது. கிருமிக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை. சுடச்சுட வாங்கியது நோன்பு திறக்க உதவும். மிஞ்சியதை அப்படியே மேசைமேல் விட்டு சஹருக்கு எடுத்தால் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. மஃரிபுக்கு முன்பே, தொடாத பங்கைத் தனியே ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் சஹருக்கு நன்றாகச் சுடவைத்துக் குடிக்கலாம். அதைவிட எளிது, வீட்டில் எத்தனை பேர் நோன்பு என்று எண்ணிப் பார்த்து அதற்கேற்ற தூக்கை எடுத்து வருவது. இரண்டு பிள்ளைகளை இரண்டு வரிசையில் நிறுத்தி இரண்டு தூக்கு வாங்குகிறவர்களைக் கஞ்சி ஊற்றும் இளைஞர்கள் அறிவார்கள். மரியாதைக்காக ஒன்றும் சொல்வதில்லை. அந்த இரண்டாவது தூக்கு வரிசையின் கடைசியில் நிற்கும் ஒருவருடையது. அவர் வேலை முடிந்து பஸ் பிடித்து வருவதற்குள் அண்டா காலியாகிவிடுகிறது.